மட் ஃப்ளாப் மாட்டப் போய் வண்டியில் ஓட்டை வாங்கிய கதை

சத்துவாச்சாரிக்காரன்:

350 ரூபாய்க்கு காரில் நாலு மட் ஃப்ளாப் (சேறு தெறிக்காமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர்) மாட்டினேன். இரண்டு வருஷம் கழித்து அதே இடத்துக்கு டிங்கரிங், பெயின்ட் என்று 2,800 ரூபாய் போனது. மட் ஃப்ளாப் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யார் கையில் டிரில்லிங் மெஷின் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளை ஸ்விஃப்ட். மாமியார் வீடு ஒடுகத்தூரைத் தாண்டி உள்ளே. 2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மாதம் இங்கே வேலூர் டவுனில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்கள், அங்கே ஏரிக்கரையோரச் செம்மண் பாதை. ஒரு தடவை போய்வந்தால் கதவின் கீழ்ப்பாதி பட்டை அடித்த கோயில் மதில் மாதிரி ஆகிவிடும். சேலையை அதில் உரசிக்கொண்டு இறங்கிய மனைவி, "இதுக்கு ஒரு ரப்பராவது வாங்கிப் போடக் கூடாதா?" என்று கேட்ட மறுவாரமே டவுனில் ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன்.

கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, வண்டி மாடலுக்கென்றே வளைவோடு வார்த்தது. இன்னொன்று எல்லா வண்டிக்கும் பொது என்று தட்டையாக வெட்டி வைத்த ரப்பர். விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

மாட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். கை அப்படி ஒரு வேகம். ரப்பரை வைத்துப் பார்த்தான், வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டான், டிரில்லை நேராக வைத்து விர்ரென்று ஒரு ஓட்டை போட்டான். வெள்ளித் துகள் கீழே உதிர்ந்தபோதுதான் அது பிளாஸ்டிக் இல்லை, தகடு என்று எனக்கு உறைத்தது. "தம்பி, பாடியிலயா போடுற?" என்றேன். "ஒண்ணும் ஆவாதுணா, எல்லா வண்டிக்கும் இப்டித்தான் போடுறோம்" என்றான். இருபதே நிமிஷத்தில் நாலும் மாட்டியாகிவிட்டது. நானும் டீக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரமே சத்தம். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் முன் டயர் ரப்பரில் 'சரக் சரக்' என்று உரசும். கடையில் வண்டி நேராக நின்றதால் அங்கே தெரியவில்லை. அதைக் கத்தியால் ஓரம் சீவிச் சரிசெய்தேன். அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் 2023 கடைசியில் தெரிந்தது. வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஸ்க்ரூவுக்குக் கீழே, ஆரஞ்சு நிறத்தில் கண்ணீர்க் கோடு மாதிரி ஒன்று வழிந்திருந்தது. மண் என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. ஸ்க்ரூவைத் திருகினால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது, வெளியே வரவில்லை. பிடித்து இழுத்தேன். சுற்றியிருந்த பெயின்ட் அப்பளம் மாதிரி உடைந்து கையோடு வந்தது. உள்ளே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் துரு.

டிங்கரிங் கடைப் பெரியவர்தான் விளக்கினார். தகட்டின் மேல் பெயின்ட், அதற்கடியில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கும் அடியில் துத்தநாகப் பூச்சு. டிரில் இந்த மூன்றையும் ஒரே குத்தில் துளைத்துவிடுகிறது. ஓட்டையின் விளிம்பில் இருப்பது வெறும் இரும்பு. அதன் மேல் ஈர மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு ரப்பரையும் மாட்டிவிட்டால் வேறென்ன ஆகும்? போதாததற்கு ஓடும்போது ரப்பர் ஆட ஆட ஸ்க்ரூவும் ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும். "தண்ணி ஊத்தி வளர்த்துட்டீங்க சார்" என்றார். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

இரண்டாவது செட் நானே மாட்டினேன். மாடலுக்கென்று வார்த்தது, கிளிப்பும் ஸ்க்ரூவும் அதோடு வந்தது. முன்பக்கம் சுலபம். இடது ஃப்ளாப்புக்கு ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் டயரின் பின்பாகம் உள்ளே போய், ஸ்க்ரூ டிரைவர் நுழைய இடம் கிடைக்கும். வலதுக்கு வலது. சக்கரக் குழிக்குள் மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரை ஏற்கெனவே சில ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். அதைக் கழற்றி, ஃப்ளாப்பை நடுவில் வைத்து, அதே ஓட்டையில் திரும்ப முடுக்குவதுதான் வேலை. கூடுதலாக ஒரு பிடி தேவைப்பட்ட இடத்தில் லைனர் பிளாஸ்டிக்கில் மட்டும் ஓட்டை போட்டு கிளிப் அடித்தேன். தகட்டைத் தொடவே இல்லை.

பின்பக்கம்தான் முதுகை ஒடித்தது. இடமே இல்லை. முன் டயருக்கு முட்டுக்கல் வைத்து, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, நம்ம ஊர் வெயிலில் பதினோரு மணிக்கு முடித்தபோது பனியன் பிழியலாம். எல்லா ஸ்க்ரூவையும் முதலில் பாதி மட்டும் ஏற்றுங்கள், ஃப்ளாப்பை நேர் பார்த்த பிறகு முடுக்குங்கள். நான் முதல் ஸ்க்ரூவையே இறுக்கிவிட்டு, மற்றது ஓட்டைக்கு வராமல் திரும்ப அவிழ்த்தேன்.

பலன் என்ன என்றால், கதவின் கீழே, சைடில் மண் அடிப்பது நன்றாகவே குறைந்தது. ஜல்லி தெறித்து டிக் டிக்கென்று அடிக்கும் சத்தமும் குறைந்தது. பின் கண்ணாடி மட்டும் அப்படியேதான் அழுக்காகிறது. ஹேட்ச்பேக் வண்டியின் பின்னால் காற்று சுழன்று புழுதியை மேலே இழுத்து அப்புகிறது. அதற்கு மட் ஃப்ளாப் மருந்தில்லை, வைப்பர்தான்.

ஆம்பூர் டாக்ஸி:

அண்ணே, உங்களுக்கு ஓட்டை, எனக்கு பம்பரே போச்சு. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் பேஷன்ட் ஏற்றிப் போகிறவன் நான். லாரிக்குப் போடுவது மாதிரி நீளமாகத் தொங்கினால்தான் கெத்து என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு. தரைக்கும் ரப்பருக்கும் மூன்று விரல்தான் இடைவெளி. ஒருநாள் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன். பின் டயர் சாக்கடை ஸ்லாப் மேல் ஏறியது. ரப்பர் டயருக்கும் ஸ்லாப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரியாது, ஆக்சிலேட்டரை மிதித்தேன். 'பட்'டென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ரப்பர் டயருக்கடியில், பம்பர் ஓரம் கிளிப் பிடுங்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள்.

முன்னால் போகும்போது வராத வம்பு பின்னால் வரும்போதுதான் வரும். அதிலும் ஐந்து பேர் ஏறி, டிக்கியில் லக்கேஜும் வைத்தால் வண்டி பின்பக்கம் இன்னும் தாழும். ஆளை ஏற்றிவைத்துத்தான் நீளம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று வெயில். மலிவு பிளாஸ்டிக்கை வாங்கி மாட்டினேன், ஒரு அக்கினி நட்சத்திரம் தாண்டவில்லை, நுனி சுருண்டு டயர் பக்கம் திரும்பிவிட்டது. 1989-ல் வடாற்காட்டைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மூன்றாக்கி எங்களைத் திருப்பத்தூரில் சேர்த்தார்கள். வெயிலை மட்டும் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

ராணிப்பேட்டை டிங்கர்:

ஏற்கெனவே தகட்டில் ஓட்டை போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துரு மேல் பெயின்ட் அடித்தால் உள்ளுக்குள் ஓடும். துத்தநாகம் கலந்த பிரைமர், அது காய்ந்ததும் டச்சப் பெயின்ட், அப்புறம் ரப்பர் பிளக் வைத்து அடைத்துவிடுங்கள். டிரில் போட்டபோது உள்ளே விழுந்த துகளையும் ஊதி எடுங்கள், அதுவும் துருப்பிடித்துத் தனியாகக் கறை விடும். வண்டி கழுவும்போது ஃப்ளாப்புக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் ஒரு தடவை தண்ணீர் அடிக்க வேண்டும். என்னிடம் வரும் வண்டிகளில் கைப்பிடி மண் அங்கே அப்பியிருக்கும். ஒருத்தர் வண்டியில் புல்லே முளைத்திருந்தது.

சத்துவாச்சாரிக்காரன்:

புல் முளைத்த வண்டி என்னுடையது இல்லை என்று முதலில் சொல்லிக்கொள்கிறேன். ஆம்பூர்த் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலை மாமியார் வீட்டு வாசலில் மச்சான்கள் நாலு பேரை ஏற்றி உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். முன்னால் உரசவில்லை. பின்னால் தரைக்கு இன்னும் ஒரு கை இடமிருக்கிறது. எங்கேயோ கூட்டிப் போகப் போகிறேன் என்று நினைத்து ஏறியவர்கள், இறங்கச் சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பள்ளிகொண்டா வரை போய் டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.