சுமத்ராவில் நிலநடுக்கம், காரைக்குடியில் ஊசி காலி: காற்று மேசை காப்பாற்றுமா?

ஆய்வகத்தான்:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஏஎஃப்எம் நுண்ணோக்கியைப் (மெல்லிய ஊசியால் மாதிரியின் மேற்பரப்பைத் தடவிப் படம் எடுக்கும் கருவி) பார்த்துக்கொள்வது என் வேலை. 2012 ஏப்ரல் 11ஐ மறக்க முடியாது. மதியம் 2.08க்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவு நிலநடுக்கம். சில நிமிடத்தில் திரையில் படம் கோணிக்கொண்டு போனது, ஊசி மாதிரியில் குத்தி முனை உடைந்தது. சரி, முடிந்தது என்று புது ஊசி மாட்டி, லேசரை நேர்ப்படுத்தி, நாலு மணிக்கு மறுபடி ஸ்கேன் போட்டேன். 4.13க்கு அதே பக்கம் 8.2. அந்த ஊசியும் போச்சு. வாங்கிய திட்டு தனிக்கதை.

அப்போது கருங்கல் பலகையை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டு அதன்மேல் கருவியை வைத்திருந்தோம். இப்போது புதுக் கருவி வருகிறது. காற்றில் மிதக்கும் மேசை வாங்கினால் கவலையே இல்லை என்கிறார் விற்பவர். நம்பலாமா?

ஊசிமுனை:
மேசை வாங்குங்கள், ஆனால் இதற்காக வேண்டாம். அதன் சொந்த அதிர்வெண் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஓரிரு ஆட்டம். அதற்கு நன்றாக மேலே உள்ள பஸ் சத்தம், மோட்டார் உதறல் இவற்றைத்தான் வடிகட்டும். தூரத்து நடுக்கத்தின் மேற்பரப்பு அலை ஒரு தரம் ஆடி முடிக்க 20 விநாடி ஆகும். மேசை அதை அப்படியே மேலே விட்டுவிடும். ஒரு ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஆட்டத்தையோ பெரிதாக்கியே கொடுக்கும். உங்கள் ரப்பர் கயிற்றுக்கும் இதே குணம்தான்.

ஆச்சி வீட்டுப் பேரன்:
அன்றைக்குக் கானாடுகாத்தானில் இருந்தேன். காலடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் நாலு மீட்டர் சங்கிலியில் தொங்கும் சரவிளக்கு தானாக ஆடியது. "யாருடா விளக்கைத் தொட்டது?" என்று ஆச்சியிடம் எனக்குத்தான் ஏச்சு. அந்த விளக்குக்கு ஓர் ஆட்டம் நாலு விநாடி. கருவிக்குக் காவலாக அதைத்தான் கேட்க வேண்டும் போல!

ஆய்வகத்தான்:
சிரிப்பு வந்தாலும் உண்மை. அப்படியானால் செல்பேசி எச்சரிக்கையை நம்பலாமா?

ஊசிமுனை:
எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. 2011 ஜப்பான் நடுக்கம் நமக்குச் சுமார் 7,000 கிலோமீட்டர். முதல் அலை வரப் பத்து நிமிடம், மேற்பரப்பு அலை வர அரை மணி. அதற்குச் செய்தியே போதும். நீங்கள் சொல்லும் சுமத்ரா நடுக்கம் சுமார் 1,800 கிலோமீட்டர்தான். முதல் அலைக்கு நாலு நிமிடம், பெரிய ஆட்டத்துக்கு எட்டு. செய்தி வந்து நீங்கள் அறைக்கு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் தரையிலேயே ஒரு ஜியோபோன் (நில அதிர்வை உணரும் கருவி) வையுங்கள். முதல் அலை மெலிதாகத்தான் இருக்கும், ஆனால் அது உணர்ந்த உடனே மென்பொருள் ஊசியைத் தூக்கிவிட வேண்டும். பீசோவில் (மின்னழுத்தம் கொடுத்தால் மிக நுண்ணிய அளவு நீண்டு சுருங்கும் பாகம்) சில மைக்ரான் தூக்கினால் போதாது, மோட்டாரில் ஒரு மில்லிமீட்டராவது ஏற்றுங்கள். கையில் நேரம் இருந்தால் மேசையின் காற்றையும் இறக்கிக் காலில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் மட்டம் பார்க்கும் வால்வு ஆட்டத்தைத் துரத்திக்கொண்டே திறந்து மூடும்.

அப்புறம், உடனே திரும்பி ஊசியை இறக்காதீர்கள். மிகப் பெரிய நடுக்கமென்றால் அதே அலை உலகைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி வரும். பின்னதிர்வுக்கு நேரம் காலமே கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

ஆய்வகத்தான்:
நன்றாகவே தெரியும். அறை மாடியில் இருக்கிறது, ஜியோபோனை அங்கேயே வைக்கலாமா?

ஊசிமுனை:
வேண்டாம். தரைத்தளத்தில், மண்ணோடு ஒட்டிய கான்கிரீட்டில் வையுங்கள். ஜெனரேட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போதெல்லாம் ஊசி தூக்கிக்கொள்ளும்.