தேர்தல் முடியட்டும் என்று முதலீடுகள் காத்திருப்பது ஏன்?

கேள்வி:
நான் பணிபுரியும் நிறுவனத்தில் புதிய இயந்திரங்கள் வாங்குவதையும் ஆள் சேர்ப்பதையும் தேர்தல் முடிவு வரும்வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆர்டர்கள் குறையவில்லை, வங்கிக் கடனும் கிடைக்கிறது. அடுத்து யார் ஆட்சிக்கு வருவார்கள் என்று தெரியாதது மட்டுமே பொருளாதாரத்தை இவ்வளவு தூரம் தடுத்து நிறுத்துமா? உடன் பணிபுரியும் சிலர், "எல்லாவற்றையும் சந்தைதான் தீர்மானிக்கிறது, நம் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது?" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மறுமொழி 1:
உங்கள் நிறுவனம் கணக்குப் பார்த்துத்தான் காத்திருக்கிறது. இயந்திரத்தை வாங்கி நிறுவிவிட்டால் போட்ட விலைக்குத் திரும்ப விற்க முடியாது. வரி விகிதம், இறக்குமதித் தீர்வை, மானியம் ஆகியவை சில மாதங்களில் மாறக்கூடும் என்னும் நிலையில், பொறுத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டாகிவிடுகிறது. திரும்பப் பெற முடியாத முதலீடுகளைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பென் பெர்னாங்கே 1983-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. ஒரு நிறுவனம் பொறுத்திருந்தால் அது விவேகம். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பொறுத்திருந்தால் இயந்திரம் செய்பவருக்கு ஆர்டர் இல்லை, வேலை தேடுபவருக்கு வேலை இல்லை.

நாணயச் சந்தையோ காத்திருப்பதே இல்லை. 2019 ஆகஸ்டில் அர்ஜென்டினாவின் அதிபர் தேர்தலுக்கு முன்பு வேட்பாளர்களை முடிவுசெய்ய நடக்கும் முதனிலை வாக்கெடுப்பில் எதிர்பாராத முடிவு வந்த மறுநாளே, பங்குக் குறியீடு டாலர் மதிப்பில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, அந்நாட்டு நாணயமான பேசோவும் சரிந்தது. நாணயம் சரிந்தால் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறும். அதிலிருந்து வாக்களிக்காதவரும் தப்ப முடியாது.

மறுமொழி 2:
முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். ஆனால் எல்லா நிச்சயமின்மையும் ஒரே தன்மையுடையதல்ல. 2010 தேர்தலுக்குப் பிறகு பெல்ஜியத்தில் 541 நாட்கள் முழு அதிகாரமுள்ள அரசு அமையவில்லை. ஆயினும் காபந்து அரசும் நீதிமன்றங்களும் வரி நிர்வாகமும் வழக்கம்போல் இயங்கியதால் பொருளாதாரம் நிலைகுலையவில்லை. மாறாக, கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தல் முடிவை ஒரு தரப்பு ஏற்க மறுத்தபோது மூண்ட வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொம்பாசா துறைமுகத்திலிருந்து செல்லும் பாதைகள் தடைபட்டு, அண்டை நாடான உகாண்டாவில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆகவே வெற்றி பெறுபவர் யார் என்பதைக் காட்டிலும், தோற்றவர் முடிவை ஏற்பாரா என்பதே பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

சந்தைக்கு அஞ்சி வாக்களிக்கவும் தேவையில்லை. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்த சில நாட்களில், 2004 மே 17 அன்று, இந்தியப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 11 விழுக்காடு அளவுக்கு வீழ்ந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் இழந்ததை மீட்டுக்கொண்டது.

மறுமொழி 3:
"ஒரு வாக்கால் என்ன ஆகும்" என்பவர்களிடம் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைச் சொல்லுங்கள். அதிபர் யார் என்பதைத் தீர்மானித்த புளோரிடா மாநிலத்தில் பதிவான ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் வெறும் 537. அதற்காக நாடே ஐந்து வாரங்கள் முடிவு தெரியாமல் காத்திருந்தது. வாக்குப்பதிவு குறையும்போது, வென்றவருக்கு உண்மையிலேயே மக்கள் ஆதரவு உண்டா என்ற ஐயத்தை எழுப்புவது எளிதாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 1922-இல் 60 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வாக்குப்பதிவு, 1924-இல் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்ட பின் 1925-இல் 91 விழுக்காட்டைத் தாண்டியது. கட்டாயம் சரியா என்பது வேறு விவாதம். ஆனால் எந்தப் பிரிவினர் வாக்களிக்க வருவதில்லையோ, அவர்களுடைய வேலையும் கூலியும் நிதிநிலை அறிக்கையில் பின்னுக்குத் தள்ளப்படுவதில் வியப்பில்லை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நண்பர்களிடம் பேசியபோது, அவர்களில் இருவர் வீடு மாறியபின் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றவே இல்லை என்று தெரிந்தது. கடைசி நாளுக்குள் விண்ணப்பிக்க அவர்களை அழைத்துச் செல்கிறேன்.