நிதி திரட்டும் தளத்தில் கட்டிய பணம் எவ்வளவு போய்ச் சேரும்?

மழைக்காகிதம்:
நண்பர்களே, ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்காக நேற்று ராத்திரி ஒரு தளத்தில் பணம் கட்டினேன். காலையில் பார்த்தால் நான் போட்ட தொகையைவிட 18 சதவீதம் கூடுதலாகக் கார்டில் பிடித்திருக்கிறது. திரும்பப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே சின்ன எழுத்தில் ‘தளத்துக்கு டிப்’ என்று ஒரு கட்டம், அதில் அவர்களே 18 என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். கொடுத்ததற்காக வருத்தமில்லை, என்னைக் கேட்காமல் எடுத்ததுதான் உறுத்துகிறது. சரி, மீதியாவது முழுதாகப் போய்ச் சேருமா? செலவுக் கணக்கை யாரிடம் கேட்பது?

பழைய கணக்கர்:
இரண்டு பிடித்தங்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று தளத்தின் கமிஷன். கோஃபண்ட்மீ என்ற நிதி திரட்டும் தளம் அமெரிக்காவில் தனிநபர் திரட்டல்களுக்கு வாங்கிவந்த 5 சதவீதத்தை 2017 இறுதியில் கைவிட்டது, பிரிட்டனில் ஜஸ்ட்கிவிங் என்ற தளம் 2019-ல் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் நீங்கள் பார்த்த டிப். அது கட்டாயம் இல்லை. ‘வேறு தொகை’ என்பதைத் தேடிப்பிடித்து பூஜ்யம் போடலாம், ஆனால் அவசரத்தில் கட்டுகிறவர் எத்தனை பேர் தேடுவார்கள்?

இன்னொன்று கார்டு பரிவர்த்தனைக் கட்டணம், இது நன்கொடையிலிருந்தே கழியும். அமெரிக்க கோஃபண்ட்மீயில் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்ட்டும். 100 டாலர் கொடுத்தால் 3.20 போகும், அது பரவாயில்லை. 5 டாலர் கொடுத்தால் ஏறக்குறைய 45 சென்ட், அதாவது 9 சதவீதம்! இல்லாதவர் கொடுக்கும் சின்னத் தொகையில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. அதனால் ஒரே ஆளுக்கு நாலு தடவை கொடுப்பதைவிட ஒரே தடவையாகக் கொடுப்பது மேல்.

ஆற்றங்கரை:
மறுபக்கம் நின்றவள் என்பதால் சொல்கிறேன். தம்பியின் சிகிச்சைக்காக நான் திரட்டியபோது, விளம்பரம் போட்டால் வேகமாகச் சேரும் என்று தளத்திலிருந்து போன் செய்தார்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு சரி என்று சொல்லிவிட்டேன், எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்கவே தோன்றவில்லை. கடைசியில் வந்த கணக்கில் விளம்பரத்துக்கு மட்டும் திரண்டதில் கால்வாசி போயிருந்தது. கொடுத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் தூக்கமில்லை. அப்புறம் மருத்துவமனை பில், விளம்பரப் பிடித்தம் எல்லாவற்றையும் பக்கத்தில் அப்படியே ஏற்றினேன். திட்டி வந்தவை இரண்டே செய்திகள், நன்றி சொல்லி வந்தவைதான் அதிகம். திரட்டுகிறவரிடம் கணக்குக் கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே கேட்காதீர்கள், அப்போது சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

பணம் நேராக மருத்துவமனைக்குப் போகிறதா, திரட்டுகிறவரின் சொந்தக் கணக்குக்கா என்பதையும் பாருங்கள். டிப்பைவிடப் பெரிய விஷயம் இது.

நேர்கோடு:
ஆற்றங்கரை சொல்வது உண்மை. 2017-ல் நியூ ஜெர்சியில் ஒரு திரட்டல் நடந்தது. நடுவழியில் பெட்ரோல் தீர்ந்து நின்ற பெண்ணுக்கு, வீடில்லாத ஒருவர் தன்னிடமிருந்த கடைசி 20 டாலரைக் கொடுத்தார் என்று கதை. அவருக்காக 14,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கதையே பொய். பணம் தனக்கு ஒழுங்காக வரவில்லை என்று அந்த மனிதர் மறு வருடம் வழக்குப் போட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது, இல்லாவிட்டால் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. கோஃபண்ட்மீ கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அத்தனை பேர் கவனித்த, செய்திகளில் வந்த திரட்டல் அது. நூறு பேர் கொடுத்த சின்னத் திரட்டலை யார் தோண்டப்போகிறார்கள்?

சட்டமும் மெதுவாகத்தான் வருகிறது. தொண்டு நிறுவனங்களுக்காக நிதி திரட்டும் தளங்கள் அரசிடம் பதிவு செய்யவேண்டும், அறிக்கை தரவேண்டும் என்று கலிஃபோர்னியா 2021-ல் சட்டம் போட்டது. நம்மைப் போன்றவர்கள் தினமும் கேள்வி கேட்காமல் மற்ற இடங்களில் இது நடக்காது.

மழைக்காகிதம்:
எல்லோருக்கும் நன்றி. குழந்தையின் மாமாதான் திரட்டுகிறார், பணம் நேரே மருத்துவமனைக்குப் போவதாகப் பக்கத்தில் இருக்கிறது. அவரிடம் இப்போது எதுவும் கேட்கப்போவதில்லை. டிப்பை மட்டும் திருப்பிக் கேட்டு தளத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன், வந்தால் அதையும் குழந்தைக்கே கட்டிவிடுவேன்.