இருபது வரை எண்ணுவான், தண்ணி கேட்க மாட்டான்

பாளையங்கோட்டை அம்மா:

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது இரண்டு மாதம். இங்கிலீஷில் இருபது வரை எண்ணுவான். செல்போனில் பார்த்த ரைம்ஸை நாலு அடி பாடுவான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரன் என்றார்கள். ஆனால் தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பானை முன்னால் நிறுத்துவான். "தண்ணி" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், இவன் அப்பனும் அப்படித்தான்" என்றார் அத்தை. அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

முதலில் காதைத்தான் பார்த்தார்கள். தூங்கவைத்து, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். குறை ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறானே, டெஸ்ட் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அரைகுறையாகக் கேட்கும் குழந்தையும் சத்தத்துக்குத் திரும்பும். அப்புறம் ஆட்டிசம் இருக்குமோ என்று பார்த்தார்கள். விரல் நீட்டிக் காட்டுவானா, காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பானா என்று கேட்டார்கள். காக்காவைக் காட்டிவிட்டு என்னைப் பார்ப்பான். அதைச் சொன்னேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, நானும் அவனும் விளையாடுவதைப் பத்து நிமிடம் பார்த்தார். "இது என்ன, அது என்ன கலர்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அவன் வாயத் திறக்க எங்க இடம் விட்டீங்க?" என்றார். செல்போனை நிறுத்தச் சொன்னார். அவனுக்குப் பிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் அது முறுக்கு டப்பா. மூடி இறுக்கமாக இருக்கும், அவனால் திறக்க முடியாது. முதல் நாள் டப்பாவை என் மடியில் வைத்தான். "திறக்கணுமா? தொற" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, அவன் முகத்தையே பார்த்தபடி மனசுக்குள் பத்து வரை எண்ண ஆரம்பித்தேன். ஆறு வரும்போதே அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, பிள்ளைய ஏன் இப்படி வாட்டுத?" என்று பிடுங்கித் திறந்து கொடுத்துவிட்டார்.

ஒன்பதாவது நாள் அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். டப்பா, மடி, நான். நாலு, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது "தொய" என்றான். உடனே திறந்தேன். அவன் முறுக்கைத் தொடவே இல்லை. மூடியைத் தானே போட்டு அழுத்தினான். "தொய." திறந்தேன். மறுபடி மூடினான். விளக்கு வைக்கிற நேரம்வரை இதேதான். தன் வாயிலிருந்து வருகிற ஒன்றுக்கு மூடி திறக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். இருபது வரை எண்ணியபோது அவனுக்கு அப்படி எதுவும் திறந்ததில்லை.

இப்போது நாலு வயது. ஓயாமல் பேசுகிறான். வாழைப்பழம் இன்னும் "வாயப்பயம்"தான். ழ எல்லாம் மெதுவாக வரட்டும். "ஆமா, வாழைப்பழம்" என்று சொல்லிக்கொண்டே கையில் கொடுத்துவிடுகிறேன்.

அங்கன்வாடி டீச்சர்:

காது விஷயத்தை அழுத்திச் சொன்னதற்கு நன்றி அம்மா. என்னிடம் வந்த மூன்று வயதுப் பெண் குழந்தை யாரோடும் பேசாது. பிடிவாதக்காரி என்றுதான் சொல்லி விட்டுப்போனார்கள். ஒருநாள் பின்னால் அலுமினியச் சட்டி விழுந்து எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். அவள் மட்டும் சத்துமாவு உருண்டையைத் தின்றுகொண்டே இருந்தாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு, காது கேட்பதற்காக உள்ளே கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன் செய்கிறார்கள். அவளுக்கும் கிடைத்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் பயிற்சிதான் பெரிய வேலை. அவள் அம்மா ஒரு நாள்கூட விட்டதில்லை.

டொராண்டோ அப்பா:

எங்கள் மகளுக்கும் இரண்டு வயதில் கதை, அதாவது பேச்சு, வரவில்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதையுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று ஒரு டாக்டர் சொன்னார். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கிற மனுஷி, நாலு மாதம் வாய் திறக்காமல் சோறு தீத்தினா.

பிறகு போன இடத்துத் தெரபிஸ்ட் அதைக் கேட்டுத் திகைத்துவிட்டார். இரண்டு மொழியால் பேச்சுத் தாமதம் வராது, முதலில் அம்மம்மாவைக் கதைக்க விடுங்கள் என்றார். செல்போன் பற்றிக் கேட்டபோது, சியாட்டிலில் பேட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். 9 மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பகுதிக்குச் சீனமொழி பேசுபவர்கள் நேரில் இருந்து 12 தடவை விளையாட்டுக் காட்டினார்கள். இன்னொரு பகுதி அதே ஆட்களை டிவியில் பார்த்தது. நேரில் கேட்ட பிள்ளைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். டிவி பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

பிள்ளை சொல்லும் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ணச் சொன்னார். பிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டினோம். ஆங்கிலம் 19, தமிழ் 34. தமிழ்ப் பக்கத்தில் முதலாவது "ஆ காட்டு". சோறு தீத்தும்போது அம்மம்மா சொல்வது. பிள்ளை அதைத் தன் பொம்மைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.