வடிவமைப்பாளர் சங்கம்: பட்டியலில் நிறையப் பேர், கூட்டத்தில் கமிட்டி மட்டும். எங்கிருந்து தொடங்குவது?

கட்டமும் கோடும் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வடிவமைப்பாளர் சங்கத்தில் இந்த ஆண்டு செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. லோகோவும் அச்சு வேலையும் செய்பவர்கள், பேக்கேஜிங் ஆட்கள், செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவர்கள், எழுத்துரு வரையும் சிலர் என்று கலவையான சங்கம். பட்டியலைப் பார்த்தால் பெரிய அமைப்பு மாதிரிதான் தெரியும். கூட்டம் போட்டால் கமிட்டிக்காரர்களும், அவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தவர்களும்தான் உட்கார்ந்திருக்கிறோம். விருது விழாவுக்கு மட்டும் அரங்கம் நிறைகிறது. மறுநாள் ஒருவரையும் காணோம். வாட்ஸ்அப் குழுவில் வேலைவாய்ப்பு அறிவிப்பும் வாழ்த்துப் படங்களும் தவிர எதுவும் ஓடுவதில்லை.

சந்தா புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. கமிட்டியில் பாதிப் பேர் பிரபலமான பேச்சாளரைக் கூப்பிடலாம் என்கிறார்கள், மீதிப் பேர் சந்தாவைக் குறைக்கலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. இந்தச் சங்கத்தில்தான் ஒரு மூத்த உறுப்பினர் என்னை உட்காரவைத்து, வாடிக்கையாளரிடம் விலை பேசுவது எப்படி என்று சொல்லித்தந்தார். அப்படிப்பட்ட இடம் கண் முன்னால் தேய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தனியாள் ஸ்டுடியோ:

ஒரு சங்கத்திலிருந்து விலகியவன் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்கிறேன். பேச்சாளரைக் கேட்க நான் சங்கத்துக்கு வர வேண்டியதில்லை, யூடியூபில் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் கடைசித் தவணையைத் தராமல், மூலக் கோப்புகளை மட்டும் கேட்டு நெருக்கியபோது, "இதற்கு என்ன பதில் எழுதுவது" என்று கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. சங்கத்துக்கு எழுதினேன். பதிலாக வந்தது அடுத்த நிகழ்ச்சிக்கான அழைப்பிதழ். அந்த ஆண்டு சந்தா கட்டவில்லை. தொகை பெரிதாக இருந்தது காரணமே இல்லை.

மையெழுத்து:

தம்பி, நான் ஒரு சங்கத்தில் உறுப்பினர் பொறுப்பைச் சில ஆண்டுகள் பார்த்தவள். தொழில் புத்தக வடிவமைப்பு, கூடவே எழுத்துரு. மேலே தனியாள் ஸ்டுடியோ சொன்னதை அப்படியே அச்சிட்டு உங்கள் கமிட்டி மேசையில் வையுங்கள்.

"எப்படி வரவைப்பது" என்று யோசிக்கும்வரை விடை நிகழ்ச்சி, பேச்சாளர், தள்ளுபடி என்றேதான் வரும். போன ஆண்டு முழுக்க உறுப்பினர்களிடம் சங்கம் என்ன கேட்டது என்று ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். பணம் கேட்டிருக்கும், வந்து உட்காரச் சொல்லியிருக்கும். அவர்களுடைய கைத்திறனை யாராவது கேட்டார்களா? வடிவமைப்பாளர் என்பவர் நாள் முழுக்கப் பிரச்சினையைத் தீர்த்துப் பிழைக்கிறவர். அவரைப் பார்வையாளராக மட்டும் உட்காரவைத்தால் சலித்துப் போகாமல் என்ன செய்வார்?

முதல் வேலையாகத் தொலைபேசியை எடுங்கள். கருத்துக்கணிப்புப் படிவம் வேண்டாம். அதைப் பொறுமையாக நிரப்புகிறவர் ஏற்கெனவே உங்களோடு இருப்பவர். சந்தா காலாவதியானவர்களைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: சங்கத்தால் உங்களுக்குக் கடைசியாக நடந்த உருப்படியான காரியம் எது, இப்போது வேலையில் உங்களை அரிக்கிற விஷயம் எது. புதுப்பிக்கச் சொல்லி அந்த அழைப்பில் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள்.

நான் பேசியபோது சுதந்திரமாக வேலை செய்பவர்கள் பணம் வராத கதையைச் சொன்னார்கள். நிறுவனங்களுக்குள் இருப்பவர்கள் தனிமையைச் சொன்னார்கள்: அலுவலகத்தில் ஒரே வடிவமைப்பாளர், மேலாளர் வேறு துறை, செய்த வேலை நன்றாக இருக்கிறதா என்று சொல்லக்கூட ஆளில்லை. எனக்கு உறைத்தது மூத்தவர்கள் சொன்னதுதான். எழுத்துருத் துறையில் பழுத்த ஒருவர் ரொம்ப நேரம் பேசினார். கைதட்ட மட்டும் அழைக்கிறீர்கள், கைகொடுக்க அழைப்பதே இல்லை என்பது அவர் குறை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

சேர்ந்து செய்கிற வேலை என்றால் என்ன என்பதற்கு நம் தொழிலிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. விமான நிலையங்களில் கழிவறை, மின்தூக்கி, பெட்டி எடுக்குமிடம் என்று காட்டும் அந்த எளிய உருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, 1914இலிருந்து அங்கே இயங்கிவரும் ஏஐஜிஏ என்ற வடிவமைப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து, 1974இல் 34 குறியீடுகளை வெளியிட்டது. 1979இல் இன்னும் 16 சேர்ந்து மொத்தம் 50 ஆனது. டாம் கைஸ்மார் தலைமையில் உறுப்பினர் குழு ஒன்று, உலகம் முழுக்க ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த குறியீடுகளைப் பரப்பிவைத்து எது புரிகிறது, எது குழப்புகிறது என்று அலசியது. ரோஜர் குக்கும் டான் ஷனோஸ்கியும் வரைந்தார்கள். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு தனி ஸ்டுடியோவால் இதைச் செய்து முடித்திருக்க முடியாது. அரசுத் துறை ஒன்று வந்து பேசுவதற்குத் தொழில் முழுவதையும் பிரதிநிதித்துவம் செய்கிற ஒரு வாசல் வேண்டியிருந்தது. சங்கம் இருப்பது அதற்குத்தான்.

உங்களுடையது அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டாம். எல்லா உறுப்பினருக்கும் உதவுகிற ஒரே ஒரு பொருளை இந்த ஆண்டு செய்து முடியுங்கள். என் யோசனை, மாதிரி ஒப்பந்தம். ஏஐஜிஏவின் மாதிரி ஒப்பந்தத்தைப் பார்த்தீர்கள் என்றால் பொது விதிகள் ஒரு பகுதி, உரிமைகள் பற்றி ஒரு பகுதி, அச்சு வேலைக்கும் திரை வேலைக்கும் தனித்தனி இணைப்புகள் என்று கழற்றி மாட்டுகிற மாதிரி அமைத்திருப்பார்கள். இந்த அமைப்பு உங்கள் சங்கத்துக்கு அச்சாகப் பொருந்தும். அச்சுக்காரர்களிடம் அச்சு இணைப்பைக் கொடுங்கள்: மெய்ப்பு ஒப்புதலுக்குப் பிறகு பிழை தெரிந்தால் மறு அச்சுச் செலவு யாருடையது? திரை வடிவமைப்பவர்களிடம் திரை இணைப்பு: எத்தனை சுற்றுத் திருத்தம், மூலக் கோப்பு எப்போது கைமாறும்? பாதியில் வேலை நின்றால் எவ்வளவு தொகை என்பதை எல்லோரும் சேர்ந்து எழுதட்டும். கடைசியில் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும், அதற்குச் சங்கப் பணத்தைச் செலவழிக்கலாம், தயங்காதீர்கள்.

"தன்னார்வலர்கள் தேவை" என்று பொதுவாக அறிவிப்புப் போடாதீர்கள். யாரும் வரமாட்டார்கள். "உங்களுக்குப் பேக்கேஜிங்கில் நல்ல அனுபவம், இந்த இரண்டு பக்கத்தைப் படித்து வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தருவீர்களா" என்று பெயர் சொல்லி ஒருவரைக் கேளுங்கள். வேலை சின்னதாக இருக்க வேண்டும், முடியும் நாள் தெரிய வேண்டும். முடிந்ததும் ஆவணத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். வடிவமைப்பாளருக்குப் பெயர் போடுவது எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியாதா!

இன்னொன்று. உங்கள் சங்கத்துச் சுவரொட்டிக்கு உறுப்பினர்களிடையே போட்டி வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை ஒதுக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஊதியமில்லாமல் செய்து காட்டுகிற முன்வேலைக்கு எதிராகப் பேச வேண்டிய அமைப்பு நாம். வாடிக்கையாளர் செய்தால் தவறு என்று சொல்லிவிட்டு அதையே நாம் செய்தால், உறுப்பினர் வாய் திறந்து சொல்லமாட்டார், பேசாமல் விலகிவிடுவார். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சின்னத் தொகையானாலும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை இன்னொருவர்.

அச்சுக்கூடம்:

மையெழுத்து அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கட்டுமா? ஒப்பந்தம் சரி, குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் ஒன்றைச் சங்கம் வெளியிட்டால் ஆட்கள் ஓடி வருவார்கள். லோகோவுக்கு இவ்வளவுக்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மையெழுத்து:

ஆசை நியாயமானது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். போட்டியாளர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், தொழில் சங்கங்களுக்கும் விலக்கில்லை. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் உறுப்பினர்கள் கட்டணத்தில் போட்டியிடுவதைத் தடுத்துவந்தது. அந்நாட்டு அரசின் நீதித் துறை அமைச்சகம் வழக்குத் தொடர்ந்ததும் 1972இல் அந்தத் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. பொறியாளர் சங்கம் ஒன்று இதே போன்ற தடையை வைத்திருந்து, 1978இல் அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று வாதாடியும் எடுபடவில்லை.

விலையைக் கட்டாயப்படுத்தாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தன் மணிநேரச் செலவை எப்படிக் கணக்கிடுவது, கட்டணம் வராத மணிநேரங்களை அதில் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு பட்டறை நடத்துங்கள். அமெரிக்க வரைகலைஞர்களின் அமைப்பான கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட், விலை, ஒப்பந்தம், நெறிமுறை பற்றிய கையேட்டை 1973இலிருந்து புதுப்பித்துப் புதுப்பித்து வெளியிட்டு வருகிறது. எனக்குத் தெரிந்து பலர் அதற்காகவே அந்த அமைப்பின் பெயரை அறிந்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் வாங்கிய பழைய கட்டணங்களைப் பெயரில்லாமல் தொகுக்க நினைத்தால், முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டமும் கோடும்:

அக்கா, ரொம்ப நன்றி. இன்றைக்கே கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டேன். நிறுவனங்களுக்குள் வேலை செய்பவர்கள் விஷயத்தில்தான் தடுமாறுகிறேன். எங்கள் உறுப்பினர்களில் அவர்கள்தான் அதிகம். ஒப்பந்தம் அவர்களுக்கு உதவாது. ரகசிய உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டிருப்பதால் வேலையைக் காட்டவும் முடியாது. அப்புறம், விருது விழாவை என்ன செய்வது? கமிட்டியில் சிலர் அதையே நிறுத்திவிடலாம் என்கிறார்கள்.

மையெழுத்து:

நிறுவன ஆட்களுக்குச் சிறிய வட்டங்கள் போடுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், அதே ஆட்கள் தொடர்ந்து சந்திக்கட்டும். திரையில் வேலையைக் காட்டச் சொல்லாதீர்கள், சிக்கலைச் சொல்லச் சொல்லுங்கள். "மூன்று துறைத் தலைவர்கள் மூன்று விதமாகத் திருத்தம் சொல்கிறார்கள், முடிவெடுப்பவர் யாரென்றே தெரியவில்லை" என்று சொல்ல எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை. படம் எடுக்கக் கூடாது, வெளியே எழுதக் கூடாது, நிறுவனத்தின் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்ற விதிகளை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். வட்டத்துக்கு ஒரு மூத்தவர் இருந்தால் போதும். கைகொடுக்கக் காத்திருக்கிற மூத்தவர்களுக்கும் அப்போது இடம் கிடைத்துவிடும். புதிதாகச் சேர்கிறவரை முதல் மாதமே ஒரு வட்டத்தில் சேர்த்துவிடுங்கள். முதல் ஆண்டில் ஒருவரோடும் பழகாதவர் இரண்டாம் ஆண்டு சந்தா கட்டுவது அபூர்வம்.

விருது விழாவை நிறுத்த வேண்டாம். ஆள் வருகிற ஒரே இடத்தையும் ஏன் மூட வேண்டும்? அங்கே ஜெயித்தவருக்குக் கோப்பை கிடைக்கிறது, மற்றவருக்கு எதுவும் கிடைப்பதில்லை, அதனால்தான் மறுநாள் காணாமல் போகிறார்கள். விண்ணப்பித்த ஒவ்வொரு வேலைக்கும் நடுவர்கள் நான்கு வரி கருத்து எழுதித் தரட்டும்: எது பிடித்தது, எங்கே இடறியது. கட்டணம் கட்டி அனுப்பியவருக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது. விழா முடிந்து இரண்டு வாரத்துக்குள் அந்தக் கருத்துகளை வைத்து நடுவர்களோடு நேரில் பேச ஒரு மாலை வையுங்கள். மேடை வேண்டாம், மேசைகள் போதும். தோற்றவர்கள் வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். நடுவர்களுக்கு இது கூடுதல் வேலை, மறுப்பார்கள். அவர்களை அழைக்கும் கடிதத்திலேயே இதை எழுதிவிடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கேட்டால் கிடைக்காது.