ஸ்ட்ரீமைக் கூட்டியும் வேகம் ஏறாத கதைகள்: உங்களுக்கு எந்தக் கோரில் மாட்டியது?

ராத்திரி ஷிப்ட்:
இரண்டு சர்வர், இரண்டிலும் நூறு கிகாபிட் கார்டு, நடுவில் ஒரே ஒரு ஸ்விட்ச். நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-இல் எட்டு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் ஓடும் இணைப்புகள்) விட்டும் முப்பது சொச்சம் கிகாபிட்டைத் தாண்டவில்லை. பதினாறு விட்டாலும் அதே முப்பது. கார்டு விற்றவர்கள் வழக்கம்போல "கேபிளை மாத்திப் பாருங்க சார்" என்றார்கள். அதற்கு முன் இன்னொரு விண்டோவில், ப்ராசஸரின் ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எம்பிஸ்டாட்டை எல்லாக் கோருக்கும் ஓடவிட்டேன். ஒரு கோர் மட்டும் நூறு சதவீதத்தில் திணறியது. மற்றவை சும்மா கிடந்தன.

கோளாறு லைனில் இல்லை, டூலில். ஐபெர்ஃப்3-க்கு ரொம்ப காலம் ஒரே த்ரெட்தான் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் வேலைத்தொடர்). எத்தனை ஸ்ட்ரீம் கேட்டாலும் அந்த ஒன்றே எல்லாவற்றையும் தள்ளும். 2023 டிசம்பரில் வந்த 3.16 பதிப்பில்தான் ஸ்ட்ரீமுக்கு ஒரு த்ரெட் என்று மாற்றினார்கள். என்னிடம் இருந்தது உபுண்டு 22.04-உடன் வரும் 3.9. இரண்டு பக்கமும் புதியதைப் போட்டதும் வேகம் நன்றாகவே ஏறியது.

ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு எண் வந்தது. இரண்டு சாக்கெட், அதாவது இரண்டு ப்ராசஸர் உள்ள மெஷின் அது. கார்டு இரண்டாவது சாக்கெட்டின் பிசிஐ ஸ்லாட்டில் இருந்தது. த்ரெட்டுகளைக் கெர்னல் சில சமயம் முதல் சாக்கெட்டில் போட்டது. அப்போது ஒவ்வொரு பாக்கெட்டின் தரவும் சாக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள இணைப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். கார்டின் டிவைஸ் ஃபோல்டரில் நியூமா நோட் எண்ணைப் (கார்டு எந்த ப்ராசஸர் பக்கம் இருக்கிறது என்பதைப்) பார்த்து, நியூமாசிடிஎல் கமாண்ட் வைத்து ஐபெர்ஃபை அந்த நோடிலேயே கட்டிப்போட்டேன். எண் நிலைத்து நின்றது.

வீட்டு ரவுட்டர்:
அண்ணா, எங்கள் பக்கம் இது சின்ன அளவில் நடக்கும். நாலு கோர் ஆர்ம் ரவுட்டர், அதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ். கிகாபிட் லைனில் டிசிபி வேகம் 941 மெகாபிட் வர வேண்டும், அதில் பாதிதான் வந்தது. இன்டரப்ட் (பாக்கெட் வந்ததும் கார்டு கோரைக் கூப்பிடும் அழைப்பு) பட்டியலைத் திறந்தால் ஈதர்நெட்டின் எண்ணிக்கை முழுக்க முதல் கோரின் கீழேயே ஏறிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றின் கீழே சைபர். லினக்ஸின் ஆர்பிஎஸ் வசதியைப் போட்டுப் பாக்கெட் வேலையை மற்ற கோர்களுக்கும் பிரித்த பிறகு சரியானது. ரவுட்டருக்குள்ளேயே ஐபெர்ஃப் ஓட்டுபவர்கள் ஒன்று கவனியுங்கள்: இன்டரப்ட் விழும் அதே கோரில் அது உட்கார்ந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். டாஸ்க்செட் கமாண்டால் அதை வேறு கோருக்குத் தள்ளிவிடுங்கள். அதைவிட, ரவுட்டரில் ஓட்டாமல் இரண்டு பக்கமும் பிசி வைத்து அளப்பதே நல்லது.

லேப்டாப்வாசி:
பன்னிரண்டாம் தலைமுறை ஐ7-1260பி என்னுடையது. நாலு பெரிய கோர், எட்டு சின்ன கோர். 2.5 ஜி அடாப்டரில் எந்தக் கோரில் ஓடினாலும் வித்தியாசம் தெரியவில்லை. தண்டர்போல்ட்டில் பத்து ஜி அடாப்டர் மாட்டிய பிறகுதான் சின்ன கோரில் விழும்போது எண் சரிவது தெரிந்தது. சரி என்று இரண்டு ஸ்ட்ரீமை 0, 1 என்ற கோர்களில் பின் செய்தால் (அங்கேயே கட்டிப்போட்டால்) அதுவும் ஏறவில்லை. லினக்ஸ் இதில் 0, 1 என்று காட்டுவது ஒரே பெரிய கோரின் இரண்டு ஹைப்பர்த்ரெட், அதாவது ஒரே கோரைப் பங்கிடும் இரண்டு பாதி. 0, 2 என்று கொடுத்த பிறகே பலன் கிடைத்தது. பின் செய்யும் முன் எல்எஸ்சிபியு கமாண்டில் எது எதோடு ஜோடி என்று பார்த்துவிடுங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
இன்னொன்றும் உண்டு. நியூமா சரியாக இருந்தும் எண் ஆடினால், வரும் பாக்கெட்டுகளைக் கார்டே பல க்யூக்களுக்கு (வரிசைகளுக்கு) பிரிக்கும் ஆர்எஸ்எஸ்ஸைப் பாருங்கள். ஐபி, போர்ட் எண்களை ஹாஷ் செய்து எந்த க்யூ என்று கார்டே முடிவு செய்யும். ஒவ்வொரு க்யூவும் ஒரு கோர். எட்டு க்யூவில் நாலு ஸ்ட்ரீம் விட்டால் நாலும் தனித்தனி க்யூவில் விழ வாய்ப்பு சுமார் 41 சதவீதம்தான். மீதி நேரம் குறைந்தது இரண்டு ஸ்ட்ரீமாவது ஒரே கோரில் முட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிளையன்ட் போர்ட் மாறுவதால் முடிவும் மாறும். கூடவே இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடினால் டெஸ்ட் நடுவிலேயே இன்டரப்ட்டை வேறு கோருக்கு மாற்றிவைக்கும். அளக்கும்போது அதை நிறுத்திவிடுவேன்.

ரிப்போர்ட்டில் பின் செய்த எண், செய்யாத எண் இரண்டையும் எழுதுவேன். மேனேஜருக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஆனால் நாளை ஆப் ஓடப்போவது இரண்டாவதில்.

வீட்டு ரவுட்டர்:
விர்ச்சுவல் மெஷினில் நாலு விசிபியு (விர்ச்சுவல் கோர்) கொடுத்தும் ஒன்று மட்டும் ஓடுகிறதே, அதுவும் இதே கதையா?

ராத்திரி ஷிப்ட்:
பெரும்பாலும் ஆமாம் தம்பி. விர்ச்சுவல் மெஷினின் விர்ட்டியோ நெட்வொர்க் கார்டுக்கு வழக்கமாக ஒரே க்யூ இருக்கும். ஹோஸ்ட்டில் (நிஜ மெஷினில்) மல்ட்டிக்யூவை நாலாக்கு, கெஸ்ட்டில் (விர்ச்சுவல் மெஷினுக்குள்) ஈத்டூல் கமாண்டில் கம்பைண்ட் எண்ணிக்கையையும் நாலாக்கு. அப்புறம் எம்பிஸ்டாட் அவுட்புட்டை இங்கே போடு, பார்ப்போம்.