ப்ரோலாக்: 'முன்னுரை' வேண்டாம், 'சட்டகக் கட்டு' என்போம்

நிரலில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) தொடங்கியதும் ஓடும் ஆயத்த ஆணைகளுக்கு ஆங்கிலத்தில் ப்ரோலாக் என்று பெயர். அதற்குத் தமிழில் முன்னுரை, முகவுரை, பாயிரம் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் காதுக்கு இனிமைதான். ஆனால் ப்ரோலாக் எதையும் உரைப்பதில்லை. அழைத்த செயற்கூற்றின் சட்டகம் இருக்கும் இடத்தைக் காட்டும் சட்டகச் சுட்டியை அடுக்கு (ஸ்டாக்) என்ற நினைவகப் பகுதியில் பத்திரப்படுத்தி, அங்கேயே தனக்கென ஓர் இடமாக ஒரு சட்டகம் கட்டி, உள்மாறிகளுக்கு இடம் ஒதுக்குகிறது. கட்டுகிற வேலைக்கு உரை என்று பெயர் வைப்பானேன்?

நிரலில் பிழை தேட உதவும் வழுநீக்கி (டீபக்கர்) இதை எப்படிப் படிக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக அமையும். எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) கணினியில் ஒரு செயற்கூற்றின் பெயரைச் சொல்லி, ஓட்டம் நிற்க வேண்டிய நிறுத்துப்புள்ளி கேட்டால், ஜிடிபி என்ற வழுநீக்கி அதை முதல் ஆணையில் வைப்பதில்லை. மேம்படுத்தல் இல்லாமல் தொகுத்த நிரலில் அளபுருக்கள் (செயற்கூற்றுக்குத் தரப்படும் மதிப்புகள்) அந்நேரம் செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களான பதிவகங்களில்தான் இருக்கும். வழுநீக்கிக்காகத் தொகுப்பி (கம்பைலர்) எழுதிவைக்கும் வழுத்தகவலோ அவற்றை அடுக்கில் தேடச் சொல்லும். அங்கே நின்று அச்சிட்டால் குப்பைதான் வரும். அதனால் முதல் பைட் பதினாறடி எண்ணில் 55 தானா (புஷ் ஆர்பிபி: சட்டகச் சுட்டியான ஆர்பிபி பதிவகத்தை அடுக்கில் வைக்கும் ஆணை), அடுத்து அடுக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பி-யை ஆர்பிபி-க்கு நகர்த்தும் மூன்று பைட் ஆணை இருக்கிறதா என்று பார்த்து, அவற்றைத் தாண்டி, அடுத்த மூல வரியின் தொடக்கத்தில் நிறுத்துப்புள்ளியை வைக்கிறது. முதல் ஆணையிலேயே நிற்க வேண்டுமானால் செயற்கூற்றுப் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும்.

வார்ப்பு பார்த்துத் தேடும் இந்த முறை எளிதில் சறுக்கும். நிரலின் ஓட்டத்தைத் தாக்குபவர் திசைதிருப்பாமல் தடுக்கும் இன்டெலின் கட்டுப்பாட்டுப் பாய்வுக் காப்பு வந்தபின், 55-க்கு முன்னால் எண்ட்பிஆர்64 என்ற நான்கு பைட் ஆணை உட்காரத் தொடங்கியது. அதை அறியாத பழைய ஜிடிபி, முதல் பைட்டில் 55 இல்லை, ஆகவே சட்டகமும் இல்லை என்று முடிவுகட்டித் தொடக்கத்திலேயே நின்றது.

ஆர்ம் 64 என்ற வேறு செயலி வகையில் வேலை நுட்பமானது. அங்கே ஜிடிபி ஆணைகளை உண்மையில் இயக்காமல் குறியீடாக ஓட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு பதிவகத்தின் மதிப்பும் 'தெரியாது', 'மாறிலி', 'இன்ன பதிவகத்தின் தொடக்க மதிப்புடன் இவ்வளவு' என்ற மூன்றில் ஒன்று. எக்ஸ்29 (சட்டகச் சுட்டி), எக்ஸ்30 என்ற பதிவகங்கள் இரண்டையும் சேர்த்துச் சேமித்து, அடுக்கின் நுனியைக் காட்டும் எஸ்பி-யை 32 குறைக்கும் ஆணை வந்தால், எஸ்பி-யின் மதிப்பு 'தொடக்க எஸ்பி, கழித்தல் 32' ஆகிறது. எக்ஸ்29 அந்த இடத்திலும், திரும்பு முகவரியான எக்ஸ்30 அதற்கு 8 பைட் மேலேயும் கிடப்பதாகக் குறித்துக்கொள்கிறது. புரியாத ஆணை வந்தால் அலசல் அங்கேயே நிற்கும்.

'முன்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் ஒத்துவராததற்குக் காரணம் தொகுப்பியின் மேம்படுத்தல். முதலில் சுட்டி வெறுமையா என்று சோதித்து, வெறுமையானால் உடனே திரும்பிவிடும் செயற்கூற்றில், சட்டகம் கட்டும் ஆணைகளைத் தொகுப்பி அந்தச் சோதனைக்குப் பின்னால் தள்ளிவிடும். தலைமாட்டில் தேடும் வழுநீக்கி ஏமாந்துபோகும். தொகுப்பி நிரலோடு சேர்த்துவைக்கும் டுவார்ஃப் வடிவச் சட்டக அட்டவணை இருந்தால் கவலையில்லை: எந்த முகவரியில் நின்றாலும் சட்டகத்தின் அடி எங்கே, எந்தப் பதிவகம் எங்கே என்று அது சொல்லிவிடும். அட்டவணை நீக்கப்பட்ட நிரலில்தான் ஆணை அலசலை நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'சட்டகக் கட்டு'. செயற்கூறு திரும்புமுன் சட்டகத்தைக் கலைக்கும் எபிலாக்குக்குச் 'சட்டகக் கலைப்பு'. இடத்தை விட்டு வேலையைச் சொல்வதால் ஆணைகள் எங்கே நகர்ந்தாலும் பொருந்தும். இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ப்ரோலாக் என்ற சொல்லை ஆங்கிலப் பாடத்திலேயே அறிந்திருப்பார். அதைப் பெயர்த்து மட்டும் கொடுத்தால் அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நம்மூர்க் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்லப்படும் 'இணையம்' வலையைப் பெயர்க்கவில்லை, இணைவதைப் பிடித்தது.

ஒரு மறுப்பு வரலாம். வேறெதையும் அழைக்காத செயற்கூறு, லினக்ஸில் ஆர்எஸ்பி-க்குக் கீழே 128 பைட் வரை கேட்காமலே பயன்படுத்தலாம், சட்டகமே கட்டாமல் விடலாம். அங்கே 'கட்டில்லாச் செயற்கூறு' என்று எழுதிவிடலாம். 'முன்னுரையில்லாச் செயற்கூறு' என்றால் யாருக்கு என்ன விளங்கும்?